மருந்துக் கொடையும் அதன் முறைமையும்

(அட்சய திருதியை விழாவில் நிகழ்த்தப்பெற்ற உரை)

 

அட்சய திருதியை என்றால் பொன் வாங்கும் நாள் என்று கடைவீதி இன்று கற்பித்துவிட்டது. சமணர்க்கோ அது கொடை பிறந்த நாள். ஆதிபகவனாகிய விருஷபதேவர் துறவு பூண்டபின் ஆறு திங்கள் உண்ணா நோன்பிருந்தார். நோன்பு முடிந்து, ஆகாரத்தின் பொருட்டு ஊர்தோறும் நடந்தார். வழியில் எதிர்ப்பட்ட மக்கள் அன்பில் குறைந்தவர் அல்லர். பொன்னையும் மணியையும் பட்டையும் யானையையும் அவர் திருமுன் கொண்டுவந்து வைத்தார்கள். அவற்றுள் ஒன்றும் துறவிக்கு ஏலாது. ஆகவே பகவான் வாய் திறவாமல் நடந்தார். பல திங்கள் அவ்வாறே கழிந்தன. அத்தினாபுரத்தில்தான் சிரேயாம்சன், முற்பிறப்பின் நினைவு எய்தி, முனிவர்க்கு அளிக்கும் முறையறிந்து, கரும்புச் சாற்றை அவர் கைகளில் வார்த்தான். அன்பு எல்லாரிடத்தும் இருந்தது. முறை ஒருவனிடத்தே இருந்தது. அதனால்தான் ஆயிரம் பேர் நீட்டிய பொன் மறக்கப்பட்டது. ஒருவன் வார்த்த சாறு இன்றளவும் நினைக்கப்படுகிறது.

ஆகாரம், ஔடதம், சாத்திரம், அபயம் எனக் கொடை நான்கு. அக்கொடையை அளப்பதற்கும் தத்துவார்த்த சூத்திரத்தில் உமாசுவாமிகள் நான்கு அளவுகோல்களைத் தந்திருக்கிறார். கொடுக்கும் முறையாகிய விதி, கொடுக்கப்படும் பொருளாகிய திரவியம், கொடுப்பவராகிய தாதா, பெறுபவராகிய பாத்திரம் என்பன அவை. இந்நான்கின் சிறப்பால் கொடையின் சிறப்பு அமையும் என்பது அவர் துணிவு. தொகை எவ்வளவு என்பது அந்த அளவுகோல்களுள் ஒன்றாக இடம்பெறவில்லை என்பது கருதத்தக்கது.

நால்வகைக் கொடையுள் மருந்துக் கொடைக்குத் தமிழ்ச் சமணர் தந்த மதிப்புத் தனியானது. சமணப் புலவர்கள் அற நூலுக்கே மருந்தின் பெயரை இட்டார்கள். காரியாசான் இயற்றியது சிறுபஞ்சமூலம். ஐந்து வேர்களின் பெயர் அது. கணிமேதாவியார் இயற்றியது ஏலாதி. ஏலம் முதலாகிய ஆறு சரக்குகளின் பெயர் அது. உடற்பிணி நீக்கலும் உயிர்ப்பிணி நீக்கலும் ஒரே தொழிலின் இரு கூறுகள் என்று அவர்கள் கண்டார்கள்.

இக்காலத்தில் மருந்துக் கொடையின் பெரும்பகுதி தனி மனிதர் கையிலிருந்து நிறுவனங்களின் கைக்குப் போய்விட்டது. மருத்துவமனைக்குக் கருவி, மாற்றுத் திறனாளிகளுக்குச் செயற்கைக் கால், கண் சிகிச்சை முகாம் எனப் பலவற்றின் பின்னும் ஒரு கம்பெனியின் பெயர்ப்பலகை நிற்கிறது. 2013ஆம் ஆண்டு நிறுவனங்கள் சட்டத்தின் 135ஆம் பிரிவு, நிகர மதிப்பு 500 கோடி ரூபாய், விற்றுமுதல் 1000 கோடி ரூபாய், நிகர இலாபம் 5 கோடி ரூபாய் என்பவற்றுள் ஏதேனும் ஒன்றை எட்டிய கம்பெனி, முந்தைய மூன்றாண்டுச் சராசரி இலாபத்தில் 2 விழுக்காட்டைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும் என்கிறது. 2014 ஏப்ரல் முதல் அது நடைமுறையில் உள்ளது. நோய்த் தடுப்பும், மாற்றுத் திறனாளிகளின் கல்வியும் தொழிற்பயிற்சியும் அச்சட்டத்தின் ஏழாம் அட்டவணையில் இடம்பெற்றுள்ளன.

இங்கே அறவோர் உள்ளத்தில் ஓர் ஐயம் எழுவது இயல்பு. இலாபத்திற்கென்றே பிறந்த ஒன்று, வரிச்சலுகையும் நற்பெயரும் எதிர்நோக்கித் தருவது தானமாகுமா? ஆகும் என்று உடனே தலையசைப்பதும் தவறு. ஆகாது என்று முகம் திருப்புவதும் தவறு. உண்மையில் நடந்த ஒன்றை எடுத்து, உமாசுவாமிகளின் நான்கு அளவுகோல்களால் அளந்து பார்ப்பதே நேர்மை.

அந்நிகழ்ச்சி ஆப்பிரிக்க ஆற்றங்கரைகளைச் சார்ந்தது. விரைந்தோடும் ஆறுகளின் நீரில் ஒருவகைக் கரிய சிறு ஈ முட்டையிடும். அந்த ஈ மனிதரைக் கடிக்கும்போது ஒரு புழுவின் இளவுருவை உடலுக்குள் விடும். வளர்ந்த புழு தோலின் அடியில் முடிச்சுப் போல் தங்கிப் பத்தாண்டுக்கு மேலும் உயிர்வாழும். நாள்தோறும் கண்ணுக்குப் புலப்படாத குஞ்சுப் புழுக்களை ஈனும். அவை தோலெங்கும் ஊர்வதால் தாங்கொணாத அரிப்பு உண்டாகும். தோல் தடித்துச் சுருங்கி நிறம் இழக்கும். கண்ணை அடைந்தவை நாளடைவில் பார்வையைப் பறிக்கும். ஆங்கோசெர்சியாசிஸ் என்பது மருத்துவப் பெயர். ஆற்றுக் குருடு என்பது உலக வழக்கு.

மேற்கு ஆப்பிரிக்காவின் ஆற்றோரச் சிற்றூர்களில் இந்நோய் விளைத்த துன்பம் சொல்லுக்கு அடங்காது. பெரியவர் கண்ணிழந்தால் அவருக்கு வழிகாட்ட ஒரு சிறுவன் வேண்டும். முதியவர் ஒரு கோலின் ஒரு முனையைப் பிடிக்க, மறு முனையைப் பிடித்துச் சிறுவன் முன்னே நடப்பான். அவனுக்குப் பள்ளியும் இல்லை, விளையாட்டும் இல்லை. வளமான ஆற்றுப்படுகையை விட்டு ஊரே வறண்ட மேட்டு நிலத்திற்குக் குடிபெயர்ந்ததும் உண்டு. ஆற்றை அண்டினால் கண் போகும். ஆற்றை அகன்றால் சோறு போகும். 1974இல் உலக நலவாழ்வு நிறுவனமும் உலக வங்கியும் பிற அமைப்புகளும் சேர்ந்து, ஈயின் புழுக்களை ஒழிக்க ஆறுகளில் வானிலிருந்து மருந்து தெளிக்கத் தொடங்கின. பயன் கிடைத்தது, ஆயினும் நோய் ஏற்கெனவே குடிகொண்ட உடலுக்குத் தகுந்த மருந்து இல்லை.

அம்மருந்து எதிர்பாராத இடத்திலிருந்து வந்தது. சப்பான் நாட்டுக் கிட்டசாட்டோ நிறுவனத்தின் அறிஞர் சாட்டோசி ஓமுரா, பல இடங்களில் மண் எடுத்து அதில் வாழும் நுண்ணுயிர்களை ஆராய்ந்துவந்தார். இட்டோ என்னும் ஊருக்கருகே எடுத்த மண்ணில் கிடைத்த ஒரு நுண்ணுயிர், அமெரிக்காவின் மெர்க் கம்பெனியின் ஆய்வுக்கூடத்திற்கு அனுப்பப்பட்டது. அங்கு வில்லியம் கேம்பெல் குழுவினர் அதிலிருந்து புழுநோய் தீர்க்கும் பொருளைப் பிரித்தனர். ஐவர்மெக்டின் என்ற பெயரில் 1981இல் அது கால்நடை மருந்தாகச் சந்தைக்கு வந்து பெரும் வருவாய் ஈட்டியது. அதே ஆண்டில் மெர்க்கைச் சேர்ந்த மருத்துவர் முகமது அசீஸ், செனகல் நாட்டுத் தலைநகர் டாக்காரில் ஆற்றுக் குருட்டு நோயாளிகளிடம் முதல் மனிதச் சோதனையைத் தொடங்கினார். ஆண்டுக்கு ஒருமுறை விழுங்கும் மாத்திரையே குஞ்சுப் புழுக்களை ஒழிக்கப் போதுமானது என்பது தொடர்ந்த ஆய்வுகளில் தெளிவாயிற்று.

மருந்து கிடைத்துவிட்டது, வாங்குவோர் இல்லை. நோயுற்றோர் உலகின் மிக வறிய மக்கள். அவர்தம் அரசுகளும் வறியவை. கம்பெனி பிற அரசுகளிடமும் பன்னாட்டு அமைப்புகளிடமும் பொருளுதவி நாடியது. எவரும் முன்வரவில்லை. அப்போது மெர்க்கின் தலைவராயிருந்த ராய் வெகெலோஸ் ஒரு மருத்துவர். 1987 அக்டோபர் 21ஆம் நாள் அவர் ஓர் அறிவிப்பை வெளியிட்டார். மெக்டிசான் எனப் பெயரிடப்பட்ட அம்மருந்து, தேவைப்படும் அனைவர்க்கும், தேவைப்படும் அளவில், தேவைப்படும் காலம் வரை இலவசமாகத் தரப்படும் என்பதே அது. தொகையும் வரையறுக்கப்படவில்லை, முடிவு நாளும் குறிக்கப்படவில்லை.

இனி அளவுகோல்களுக்கு வருவோம். முதலில் திரவியம். பகவான் திருமுன் யானையை நிறுத்தியோர் போல, தம்மிடம் மிகுந்திருப்பதைத் தருவோர் உலகில் மிகுதி. காலாவதியாகும் நிலையில் உள்ள மருந்தையும் பழுதுபட்ட கருவியையும் தள்ளிவிட்டுக் கொடை என்று பெயரிடுவாரும் உளர். மெக்டிசான் அத்தகையதன்று. நோயாளிக்கு எது வேண்டுமோ அதுவே தரப்பட்டது. அம்மருந்து குஞ்சுப் புழுக்களை ஒழிக்குமேயன்றி வளர்ந்த புழுவைக் கொல்லாது. வளர்ந்த புழு இயல்பாக மாளும் வரை, பத்துப் பதினைந்து ஆண்டுகள், ஆண்டுதோறும் மருந்து தந்தாக வேண்டும். இரண்டாண்டு கொடுத்து நிறுத்தினால் நோய் திரும்பும். ஆகவே 'தேவைப்படும் காலம் வரை' என்பது அழகுக்காகச் சேர்த்த தொடர் அன்று. மருந்தின் இயல்பை அறிந்தோர் சேர்த்த நிபந்தனை.

அடுத்து விதி. மாத்திரையைக் கப்பலில் ஏற்றிவிட்டால் அது சிற்றூரை அடைந்துவிடாது. கம்பெனி தன் கையாலேயே பகிர்ந்தளிக்கவும் முற்படவில்லை. அட்லாண்டா நகரில் இயங்கிய குழந்தைநலத் தொண்டமைப்பு ஒன்றில் இக்கொடைத் திட்டத்தின் அலுவலகம் 1988இல் அமைந்தது. எந்த நாட்டுக்கு, எந்தத் திட்டத்தின்கீழ் மருந்து தருவது என்பதை ஆராய வெளியார் கொண்ட வல்லுநர் குழு அமைந்தது. பெரியம்மை ஒழிப்பில் புகழ்பெற்ற வில்லியம் ஃபேகி அதன் முதல் தலைவர். கொடுப்பவர் ஒருவர், தீர்மானிப்பவர் வேறொருவர் என்ற இந்தப் பிரிவினை, கொடையைக் கைம்மாறு கருதும் வணிகமாக்காமல் காத்தது.

நாடுகளின் நலத்துறைகளோடு கார்ட்டர் மையம், ஹெலன் கெல்லர் இன்டர்நேஷனல், சைட்சேவர்ஸ், அரிமா சங்கங்கள் முதலிய தொண்டமைப்புகள் கைகோத்தன. 1990களின் நடுவில் ஒரு சிறந்த மாற்றம் நிகழ்ந்தது. மருந்தை எந்நாளில் தருவது, யார் தருவது என்பதை ஊராரே கூடி முடிவுசெய்தனர். ஊரார் தேர்ந்தெடுத்தவர் சிறு பயிற்சி பெற்று வீடுதோறும் சென்று கொடுத்தார். எடை பார்க்கும் தராசு இல்லாத இடங்களில் உயரத்தை அளக்கும் கோல் ஒன்று போதுமானதாயிற்று. 90 செண்டிமீட்டருக்குக் குறைந்த குழந்தைக்கு மருந்து இல்லை. அதற்கு மேல் உயரத்திற்கேற்ப ஒன்று முதல் நான்கு மாத்திரைகள். எழுதப் படிக்க அறியாதவரும் பிழையின்றி அளக்க இயன்றது. பார்வையற்றவரை நடத்திச் செல்லக் கோல் பிடித்த ஊரில், பார்வை போகாமல் காக்கக் கோல் பிடித்தார்கள்.

மூன்றாவது பாத்திரம். முனிவர், விரதியர், நற்காட்சியுடைய இல்லறத்தார் என்று பாத்திரங்களை வகுத்த சமணம், அதனோடு நின்றுவிடவில்லை. துன்புறும் எவ்வுயிர்க்கும் இரக்கத்தால் தருவதைத் தயாதத்தி என ஆதிபுராணம் தனியே வகைப்படுத்துகிறது. அங்கே குலமும் சமயமும் தகுதியும் கேட்கப்படுவதில்லை, துன்பமே தகுதி. ஆற்றங்கரை ஏழைகள் அக்கொடைக்கு முழுப் பாத்திரர். அவர்கள் அம்மருந்தை விலை கொடுத்து வாங்கும் நாள் என்றாவது வரும் என்று எந்த வணிகரும் கணக்கிட்டிருக்க முடியாது.

நான்காவதாகிய தாதாவிடத்தில்தான் சிக்கல் உள்ளது. பற்றின்மை, பொறுமை, அறிவு முதலாகிய ஏழு குணங்கள் தாதாவுக்கு வேண்டும் என்பர் பெரியோர். ஒரு கம்பெனிக்கு உயிர் இல்லை. ஆகவே பற்றும் பற்றின்மையும் அதற்கு உரித்தல்ல. அதனுள் இருக்கும் மனிதர்க்கே அவை உரியன. இக்கொடையால் மெர்க்குக்கு வரிச்சலுகை கிடைத்தது. பெரும் புகழும் கிடைத்தது. கண்ணிழந்த முதியவரைச் சிறுவன் கோல் பிடித்து நடத்தும் சிலை அதன் தலைமையகத்தில் நிறுவப்பட்டது. தன் கொடையைத் தானே சிலையாக்கியது என்று ஒருவர் குறை கூறினால் மறுப்பதற்கில்லை.

இன்னும் கடுமையான செய்தி ஒன்று உண்டு. அதே கம்பெனி விற்ற வயாக்ஸ் என்னும் வலிநீக்கி, மாரடைப்புக்கும் பக்கவாதத்திற்கும் வாய்ப்பை மிகுவிப்பது தெரிந்து 2004 செப்டம்பரில் திரும்பப் பெறப்பட்டது. கம்பெனி முன்பே உரிய எச்சரிக்கை தரவில்லை என்று ஆயிரக்கணக்கானோர் வழக்குத் தொடுத்தனர். 2007இல் 485 கோடி டாலர் தந்து வழக்குகளைத் தீர்த்துக்கொள்ளக் கம்பெனி இசைந்தது. ஒரு கையில் மெக்டிசான்; மறு கையில் வயாக்ஸ். இவற்றுள் எது அதன் உண்மை முகம்?

கன்மக் கொள்கையை உணர்ந்தோர்க்கு இக்கேள்வி குழப்பம் தராது. நல்வினையும் தீவினையும் ஒன்றையொன்று கழித்துக்கொள்ளும் வரவு செலவுக் கணக்கு அன்று. ஒவ்வொன்றும் தன் பயனைத் தனித்தனியே தரும். மெக்டிசான் கொடையால் வயாக்ஸின் கேடு மறையாது. வயாக்ஸின் கேட்டால், பார்வை காக்கப்பட்ட ஒருவரின் கண் மீண்டும் இருளாது. கொடையைப் பாராட்டலாம், அப்பாராட்டைக் கொடுத்தவரின் பிற செயல்களுக்கு நற்சான்றாக நீட்டுதல் ஆகாது. பெயர்ப்பலகை தேடி வரும் கம்பெனியிடம் கொடை பெறும் ஒவ்வோர் அறக்கட்டளையும் மனத்தில் எழுதிவைக்க வேண்டிய வரி இது.

புழுக்களைக் கொல்லும் மருந்தை அகிம்சை போற்றுவோர் மருந்துக் கொடையாகக் கொள்ளலாமா என்றும் ஒருவர் வினவக்கூடும். வினா சிறுமையுடையதன்று. கொல்ல வேண்டும் என்னும் கருத்தோடு கொல்லும் சங்கற்ப இம்சையை இல்லறத்தார் முற்றும் விலக்க வேண்டும் என்பது அணுவிரதம். வாழ்க்கையிலும் தொழிலிலும் தற்காப்பிலும் நேரும் இம்சையை இயன்ற அளவு குறைத்துக்கொள்ளுதலே அவர்க்கு விதிக்கப்பட்டது. மருத்துவரின் கருத்து நோயாளியின் கண்ணைக் காப்பதில் நிற்கிறது. இம்சை அதில் இல்லை என்று சொல்லிவிட முடியாது; கருத்தில் கொடுமை இல்லை என்று சொல்லலாம். அவ்வேறுபாட்டை உணர்ந்து அடக்கத்தோடு மருந்தைக் கைக்கொள்வதே சிராவக நெறி.

மருந்து தருவதிலும் விழிப்பு வேண்டியிருந்தது. மத்திய ஆப்பிரிக்காவின் சில பகுதிகளில் லோவா லோவா என்னும் வேறொரு புழு உடலில் மிகுந்திருந்தோர்க்கு, இம்மருந்தால் மூளை பாதிக்கும் கடும் விளைவுகள் நேர்ந்தன. அப்பகுதிகளில் தனி நெறிமுறைகள் வகுக்கப்பட்டன. நல்லெண்ணம் மட்டும் நன்மை செய்துவிடாது. கண்காணிப்பும் கொடையின் ஒரு பகுதியே.

பயன் என்ன ஆயிற்று? 1998இல் இக்கொடை, ஆப்பிரிக்காவில் இரு நோய்களும் சேர்ந்திருக்கும் பகுதிகளின் யானைக்கால் நோய்க்கும் நீட்டிக்கப்பட்டது. அதற்கு வேண்டிய அல்பெண்டசோல் மருந்தை மற்றொரு கம்பெனி இலவசமாகத் தந்தது. கொடை தொடங்கிய நாள்முதல் 400 கோடிக்கும் மேற்பட்ட மருந்துத் தவணைகள் வழங்கப்பட்டுள்ளன. கொலம்பியா 2013இலும், ஈக்வடார் 2014இலும், மெக்சிகோ 2015இலும், குவாத்தமாலா 2016இலும் ஆற்றுக் குருடு நீங்கிய நாடுகள் என்று உலக நலவாழ்வு நிறுவனத்தால் உறுதிசெய்யப்பட்டன. 2025இல் நைஜர், ஆப்பிரிக்காவில் அப்பெருமை பெற்ற முதல் நாடாயிற்று. கேம்பெல், ஓமுரா இருவரும் 2015இல் நோபல் பரிசில் பங்கு பெற்றனர். யானைக்கால் நோயைக் குடந்தைப் பகுதியின் பெயரோடு சேர்த்தே பேசிய காலத்தைத் தமிழகத்து முதியோர் அறிவர். அந்நோயை ஒழிக்க இந்தியாவின் சில மாவட்டங்களில் 2018 முதல் தரப்படும் மும்மருந்துக் கூட்டில் ஐவர்மெக்டினும் ஒன்று.

இவ்வரலாற்றிலிருந்து அறக்கட்டளைகளும் தொழில் நடத்தும் குடும்பங்களும் எடுத்துக்கொள்ள வேண்டியவை மூன்று. முதலாவது, தொடர்ச்சி. விழா நாளில் சர்க்கரை நோய்க்கு முகாம் நடத்தி, ஒரு திங்களுக்கு மாத்திரை கொடுத்தனுப்பினால், மறு திங்கள் அந்நோயாளி எங்கே போவார்? பத்து ஊர்களுக்கு ஒரு நாள் என்பதைவிட ஓர் ஊருக்குப் பத்தாண்டு என்பது மேல். சக்கர நாற்காலி வழங்கினால், அதன் சக்கரம் பழுதுபடும் நாளில் சீர்செய்து தருவதும் அக்கொடைக்குள் அடங்கும்.

இரண்டாவது, பெறுபவரைக் கேட்டல். செயற்கைக் கால் வேண்டியவர் யார், ஊன்றுகோலே போதும் என்பவர் யார், வீட்டு வாயிலில் ஒரு சாய்தளம் அமைத்துத் தந்தால் போதும் என்பவர் யார் என்பதை மேடையில் இருப்போர் அறியார். வீட்டில் இருப்போரே அறிவர். மாற்றுத் திறனாளி ஒருவரை மேடையேற்றிப் படம் எடுத்துக்கொள்வதற்கு முன், அவருக்கு அது உடன்பாடா என்று கேட்பதும் இதனுள் அடங்கும். படத்துக்காக ஒருவர் நாணி நிற்க நேர்ந்தால், அங்கே ஔடதம் தரப்பட்டது, அபயம் பறிக்கப்பட்டது.

மூன்றாவது, கணக்கு. கம்பெனியிடம் நிதி பெறும் அறக்கட்டளைகள் 2021 முதல் மத்திய அரசில் பதிவு செய்துகொள்ள வேண்டும் என்பது விதி. அதைத் தொல்லை என்று கருதாமல் விரதம் என்று கருதினால் எளிதாகும். வந்த காசு எங்கே போயிற்று என்பதைக் கேட்பவர் இல்லாவிட்டாலும் சொல்லுதல் அபரிக்கிரகத்தின் ஒரு முகம். மருந்தைத் தந்தவர் ஒருவராகவும் பகிர்வதைத் தீர்மானித்தவர் வேறொருவராகவும் இருந்தது போல, நன்கொடை அளித்தவரின் உறவினரே பயனாளிகளைத் தேர்ந்தெடுக்கும் வழக்கம் நீங்க வேண்டும்.

சட்டம் இரண்டு விழுக்காட்டைத் தரச் செய்யும். முறையைத் தரச் செய்யாது. அது சிரேயாம்சனைப் போல் நினைவுகூர்ந்து அறிய வேண்டியது. அவன் அரண்மனையில் பொன்னும் யானையும் இல்லாமல் இல்லை. அவற்றை விடுத்துக் கரும்புச் சாற்றை அவன் எடுத்தமைக்குக் காரணம், கொடுக்கும் தன்னை நோக்காது, பெறும் பகவானை நோக்கியமையே. இன்று இங்கு வழங்கப்படும் கரும்புச் சாற்றைப் பருகும் ஒவ்வொருவரும், தம் குடும்பம் இவ்வாண்டு தர எண்ணியிருக்கும் கொடை எதுவோ அதைப் பெறப்போகும் ஒருவரின் முகத்தை ஒரு கணம் எண்ணிப் பார்ப்பாராக. அவரிடமே சென்று, அவருக்கு வேண்டியது யாது எனக் கேட்பாராக. கொடை அங்கிருந்து தொடங்கட்டும்.

அறம் வெல்க. அனைத்துயிரும் நலம் பெறுக.